அம்சாவின் எட்டாம் பக்கம்

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் இருக்கிறது என் கடை. பலகையில் டிடிபி, ஜெராக்ஸ், ஆன்லைன் என்று மூன்று சொற்கள். பட்டா மாற்ற மனு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று ஊர்க்காரர்கள் கொண்டுவருவதை எல்லாம் இருபத்திரண்டு வருஷமாக அடித்துக் கொடுக்கிறேன். சீனுவாசன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. டிடிபி சீனு என்று கேட்டால் ஆட்டோக்காரரே கொண்டுவந்து வாசலில் விடுவார்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அடிக்க வருவதை எல்லாம் நான் படிப்பேன். படிக்காமல் எப்படி அடிக்க முடியும் என்று கேட்பீர்கள். முடியும். எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்துவிட்டு, என்ன அடித்தோம் என்றே தெரியாமல் டீ குடிக்கப் போகிறவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். எனக்கு அது வராது. படிப்பதோடு நிற்பதுமில்லை, திருத்தவும் செய்வேன். தாசில்தாருக்குப் போகும் மனுவில் கோபம் அதிகமாக இருந்தால் குறைப்பேன். கண்ணீர் அஞ்சலியில் கண்ணீர் போதவில்லை என்றால் கொஞ்சம் சேர்ப்பேன். இதுவரை யாரும் சண்டைக்கு வந்ததில்லை. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் ஏறிவிட்டது.

அம்சா முதன்முதலாகக் கடைக்கு வந்தது போன ஜனவரியில், பொங்கல் லீவு முடிந்த வாரம். சேலைக்கு மேல் பச்சைக் கோட்டு. தனியார் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொள்ளும் வேலை. மயிலத்துக்குப் பக்கத்தில் வீடு. கணவர் திருமுருகன் சொந்த நிலத்தில் பயிர் வைப்பவர். இதெல்லாம் அவள் உட்கார்ந்த ஐந்து நிமிஷத்தில் நான் கேட்டுத் தெரிந்துகொண்டது.

போனை நீட்டினாள். "ணா, இதுக்கு அப்ளிகேஷன் போடணும். எதுல ஆரம்பிக்கிறதுன்னு தெரியல."

பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு. குழந்தைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் எழுதுவது பற்றி இரண்டு வருஷ முதுகலைப் படிப்பு. பெரும்பாலும் வீட்டிலிருந்தே படிக்கலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு வாரம் அங்கே போய்த் தங்க வேண்டும். எந்த மொழியிலும் எழுதலாம். மொத்தம் பன்னிரண்டே இடம்.

"கத எழுதறதுக்கு ஒரு படிப்பா? அதுவும் புள்ளைங்க கதைக்கு?" என்றேன்.

"எனக்கும் அதே டவுட்டுதாண்ணா. உள்ள இன்னா சொல்லித் தராங்கன்னு தெரிஞ்சிக்கணும்."

"தெரிஞ்சிக்கினு?"

"தெரிஞ்சிக்கினு எழுதணும்." ஏதோ ரேஷன் கடைக்குப் போய் அரிசி வாங்க வேண்டும் என்பதைப் போலச் சொன்னாள்.

அறிவிப்பின் அடியில் ஒரு வரி இருந்தது. விண்ணப்பிப்பவருக்கு ஜூலை முதல் தேதியன்று முப்பத்தைந்து வயது முடிந்திருக்கக் கூடாது. அம்சாவுக்கு வரும் கார்த்திகையில் முப்பத்தைந்து. இந்த வருஷம் இல்லை என்றால் இல்லவே இல்லை. இங்கே அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் முடித்த மறு மாதம் கல்யாணம். அதற்கப்புறம் மேலே படிக்கிற பேச்சை எடுக்கும்போதெல்லாம் வயலில் களை எடுக்கிற பேச்சு குறுக்கே வந்துவிட்டது என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த வயது வரியை அவள் விரல் இரண்டு தடவை தொட்டது.

அன்றிலிருந்து மார்ச் கடைசி வரைக்கும், வேனுக்கு நேரம் ஆவதற்குள் கால் மணி, அரை மணி என்று வந்துபோனாள். எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. மனு அடிக்க வந்தவர்களை உட்காரவைத்துவிட்டு அம்சாவின் தாளை முதலில் எடுத்துப் படித்தேன்.

அவர்கள் கேட்டது கொஞ்சநஞ்சமில்லை. கடந்த பத்து வருஷத்தில் வந்த சிறுவர் புத்தகங்களில் நாற்பதைப் படித்து, ஒவ்வொன்றைப் பற்றியும் அரைப் பக்கம் குறிப்பு எழுதவேண்டும். திண்டிவனம் நூலகத்தில் இருந்ததை மூன்று வாரத்தில் முடித்துவிட்டாள். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் விழுப்புரம் பஸ் ஏறி மாவட்ட மைய நூலகத்துக்குப் போனாள். அங்கே சிறுவர் பிரிவில் குட்டி நாற்காலிகள்தான். அதில் ஒன்றில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து படித்தவளைப் பார்த்து அங்கிருந்த நூலகர் அம்மா, "உங்க புள்ள எங்கம்மா?" என்று தேடினாராம். "புஸ்தகம் எனக்குத்தாம்மா" என்று இவள் சொன்னதும், பெரியவர்கள் பிரிவு மாடியில் இருக்கிறது என்று வழி காட்டினாராம். மூன்றாவது வாரம் அந்த அம்மாவே புதிதாக வந்த புத்தகங்களைத் தனியாக எடுத்து வைத்திருந்தாராம்.

அந்தக் குறிப்புகளை அடித்தபோதுதான் எனக்கு இவள் மேல் மரியாதை வந்தது. நான் எதிர்பார்த்தது 'கருத்துள்ள கதை, எளிய நடை' மாதிரி. அவள் எழுதியிருந்தது வேறு. "பன்னிரண்டாம் பக்கத்தில் யு.கே.ஜி. பிள்ளைகள் இறங்கிவிடுவார்கள்." "இதில் யானை வருவதற்குள் கூட்டுரோடு வந்துவிடும்." "இது நல்ல கதை, ஆனால் எழுதியவருக்குத் தான் நல்லவர் என்று சொல்லிக்கொள்ளும் ஆசை இருக்கிறது." கடைசியாகச் சொன்னதைப் படித்துவிட்டு நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"இறங்கிடுவாங்கன்னா இன்னாம்மா?" என்று கேட்டேன்.

அப்போதுதான் வேன் சங்கதியைச் சொன்னாள். சாயந்திரம் பள்ளியிலிருந்து புறப்படும் வேனில் இருபத்தாறு பிள்ளைகள். எல்.கே.ஜி.யிலிருந்து ஒன்பதாவது வரை. ஏரிக்கரை, பெட்ரோல் பங்க், செங்கல் சூளை, கூட்டுரோடு என்று எட்டு இடத்தில் நிற்கும். பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டாமல் இருக்க அவள் கண்டுபிடித்த வழி, கதை. ஆனால் முதல் நிறுத்தத்தில் இறங்குகிற பிள்ளைக்கு எட்டு நிமிஷக் கதைதான் கிடைக்கும். பாதியில் விட்டால் இறங்காமல் அழும். அதனால் அந்த எட்டு நிமிஷத்துக்குள் அந்தப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக ஒன்று இருக்க வேண்டும். மிச்சமிருப்பவர்களுக்குக் கதை ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும். இப்படி எட்டு நிறுத்தத்துக்கு எட்டுத் துண்டு. ஆறு வருஷமாக தினமும் இதைத்தான் செய்கிறாள்.

சிபாரிசுக் கடிதம் இரண்டு வேண்டும். ஒன்று அவளுடைய பழைய கல்லூரிப் பேராசிரியர் கொடுத்தார். இன்னொன்று, பிள்ளைகளோடு அவள் வேலை செய்வதை நேரில் பார்த்தவர் தரவேண்டும். வேன் ஓட்டுநர் தேவாவைக் கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் உட்காரவைத்தாள். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்.

"இந்தம்மா வண்டியில இருந்தா ஒரு பய ஜன்னல்ல கை வெக்க மாட்டான். லீவு போட்டா எனக்கு பேஜாரு. ஒருநாள் கத கேட்டுக்கினே ஓட்டி ஒரு ஸ்டாப்ப தாண்டிட்டேன். புள்ளையோட அம்மா என்னத் திட்டுனாங்க. தப்பு என்னுதுதான். ஆனா கத நல்லா இருந்துது."

நான் வழக்கம்போல அதை 'மாணவர்களின் பாதுகாப்பில் மிகுந்த அக்கறை கொண்டவர்' என்று மாற்றப் போனேன். அம்சா என் கையைப் பிடித்து நிறுத்தாத குறை.

"ணா, அதுல ஒரு எழுத்து கூட மாத்தாதீங்க. அவரு எப்டி சொன்னாரோ அப்டியே போவட்டும்."

"யூனிவர்சிட்டிக்குப் போறதும்மா."

"யூனிவர்சிட்டிக்கும் காது இருக்கும்ணா."

மாற்றவில்லை. அந்த ஒரு பாடத்தை அன்றைக்கே முழுசாகப் படித்திருந்தால் இந்தக் கதையை நான் எழுத வேண்டி வந்திருக்காது.

'நான் ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன்' என்ற கடிதம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அதைப் பேராசிரியர் வீட்டில் உட்கார்ந்து இருவருமாக எழுதி, பென்டிரைவில் கொண்டுவந்து கொடுத்தாள். ஆங்கிலத்தை நான் அடிப்பேன், பக்கக் கணக்கில் இருந்தால் படித்துப் புரிந்துகொள்ள வராது. அப்படியே சேமித்து வைத்தேன்.

கடைசியாகக் கதை. சின்னவர்களுக்கு ஒன்று, பதின்பருவத்தினருக்கு ஒன்று என்று கேட்டிருந்தார்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கதை என்றாள். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு தாள் வீதம், பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதி, இரண்டு நாளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்தாள். ஒரு ஊரில் காலையில் எழுந்து பார்த்தால் ஏரியைக் காணோம். தண்ணீர் வற்றிப்போகவில்லை, ஏரியே எழுந்து போய்விட்டது. பெட்ரோல் பங்கில் ஈரமான காலடி. செங்கல் சூளையில் சேற்றில் துள்ளும் ஒரு கெளுத்தி மீன். கூட்டுரோட்டில் பஸ் கண்டக்டர் சொல்கிறார், 'ஆமா, ஏறுனாங்க. மரக்காணத்துக்கு வழி கேட்டாங்க. சில்லறையா மூணு நத்தை குடுத்தாங்க.' ஏரி இத்தனை வருஷமாகக் கடலைப் பார்த்ததே இல்லையாம். மரக்காணத்தில் அதைப் பார்க்கப் புறப்பட்டிருக்கிறது.

எனக்கு ஐம்பத்தோரு வயசு. அந்த ஏரி என்ன ஆயிற்று என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த தாள் எப்போது வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி மாலை ஐந்து மணியோடு இணையதளம் மூடிவிடும். மூன்று மணிக்கு தேவா ஓடிவந்து இரண்டு தாளை வைத்துவிட்டு, "சார், ஜல்தி, வண்டி எடுக்கணும்" என்று போய்விட்டார். ஏழாம் தாளில் பொழுது சாய்கிறது. வழி தவறிப்போன ஏரி, ஊர்க்கோடியில் கடைசி வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. கதவைத் தட்டுகிறது. உள்ளே ஒரு பெண் காதில் பாட்டு கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். 'யாரு?' என்கிறாள். 'நான்தான் ஏரி. கொஞ்சம் கதவைத் திறக்கிறியா?'

எட்டாம் தாளைத் திருப்பினேன். மேலே '8. கடைசி ஸ்டாப்' என்று எழுதியிருந்தது. கீழே ஒன்றுமில்லை. பின்பக்கமும் வெள்ளை.

நேரம் கிடைக்கவில்லை, பாதியில் விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். போன் போட்டேன். அணைத்திருந்தது. வேனில் ஏறினால், வண்டி பள்ளிக்குத் திரும்பும்வரை ஆயாக்கள் போனை அணைத்து வைக்க வேண்டும் என்று பள்ளியில் விதி. மணி மூன்றே முக்கால், நாலு, நாலு இருபது. ஆறு தடவை போட்டேன். அரைகுறைக் கதையை அனுப்பினால் எடுத்த எடுப்பில் தள்ளிவிடுவார்களே, இந்தப் பெண்ணுக்கு வேறு வருஷமும் இல்லையே என்று எனக்குப் பதற்றம். ஆண்டு மலரில் எத்தனை கதைக்கு முடிவு போட்டிருக்கிறேன்! போட்டேன்.

'கதவு திறக்கவில்லை. ஏரி தன் தவறை உணர்ந்து கண்ணீர் வடித்தது. உடனே ஊர் திரும்பியது. அன்று முதல் எங்கும் செல்லாமல் கரைக்குள் அடங்கி ஒழுக்கமாக வாழ்ந்தது.' பக்கத்தில் இன்னும் இடம் இருந்தது. ஆண்டு மலருக்கென்று நான் வைத்திருக்கும் பூப்போட்ட கட்டத்தை எடுத்து ஒட்டி, உள்ளே 'நீதி: பெற்றோர் சொல் கேளாமல் ஊர் சுற்றக் கூடாது' என்று தடித்த எழுத்தில் போட்டேன். நாலு ஐம்பதுக்கு அனுப்பிவிட்டு ஒரு டீ சொன்னேன். டீ அவ்வளவு நன்றாக இருந்தது.

மறுநாள் வந்து, "எல்லாம் போயிடுச்சாண்ணா?" என்று கேட்டாள். "போயிடுச்சும்மா" என்றேன். முடிவைப் பற்றிச் சொல்லவில்லை. இடம் கிடைத்த பிறகு, 'நீ விட்டதை அண்ணன்தான் முடிச்சேன்' என்று சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று வைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து, நேர்காணலுக்குத் தேர்ந்தெடுத்திருப்பதாக என் கடை மெயிலுக்குத் தகவல் வந்தது. அவளுக்கென்று தனி மெயில் இல்லாததால் என் முகவரியைத்தான் கொடுத்திருந்தோம். அந்தப் பூப்போட்ட கட்டம்தான் வேலை செய்திருக்கிறது என்று நான் மனதார நம்பினேன்.

நேர்காணல் வீடியோவில். அவள் ஊரில் சிக்னல் வந்து வந்து போகும் என்பதால் என் கடையில் ஏற்பாடு. ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை காலை பதினொரு மணி. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். அம்சா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நான் கேமராவில் விழாமல் ஜெராக்ஸ் மிஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டேன். என்ன கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் வெளியே போக எனக்கு மனம் வருமா?

திரையில் இரண்டு பேர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண்மணி, தமிழ் பேசினார். பக்கத்தில் ஒரு வடநாட்டுக்காரர், அவர் தமிழ் பேசவில்லை. வேனைப் பற்றிக் கேட்டார்கள், படித்த நாற்பது புத்தகங்களைப் பற்றிக் கேட்டார்கள். தேவாவின் கடிதத்தை அந்தப் பெண்மணி சத்தமாகப் படித்துச் சிரித்தார். அம்சா நன்றாகப் பேசினாள். எனக்கே பெருமையாக இருந்தது.

அப்புறம் அவர் கேட்டார். "அம்சா, ஒரு குழப்பம். கடைசிப் பக்கத்தை வேணும்னே காலியா விட்டிருக்கேன்னு உங்க கடிதத்துல எழுதியிருக்கீங்க. அந்தக் காலிப் பக்கத்தைப் பார்க்கத்தான் நாங்க ஆசையா புரட்டினோம். ஆனா அங்க வேற என்னவோ இருக்கே?"

"இல்ல மேடம், காலியாத்தான்…"

திரையில் அந்தப் பக்கத்தைக் காட்டினார்கள். பூப்போட்ட கட்டத்தோடு.

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. அந்த வடநாட்டுக்காரர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். பெண்மணி சிரிக்காமல் மொழிபெயர்த்தார். "ஏரிக்கு யார் அப்பா அம்மான்னு இவர் கேக்கறார்."

அம்சா வரி வரியாகப் படித்தாள். அவள் உதடு அசைவது தெரிந்தது. பெண்மணியின் குரல் கொஞ்சம் மாறியது. "மாதிரி எழுத்து முழுக்க உங்களோடதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இது நீங்க எழுதினதா?"

"இல்ல மேடம்."

"அப்ப யார்?"

 அம்சா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி முறைத்திருந்தால் எனக்குப் பரவாயில்லை. இந்த ஒரு வருஷம் விட்டால் வேறு வருஷமில்லாத பெண், என்னைக் காட்டிக்கொடுக்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலைத் தள்ளிவிட்டுப் போய்க் கேமரா முன்னால் தலையை நீட்டினேன்.

"வணக்கம் மேடம். நான் டிடிபி. அது நான் போட்டது. இந்தப் பொண்ணுக்குத் தெரியாது. இப்பத்தான் பாக்குது."

இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். "ஏன் போட்டீங்க?" என்று கேட்டார் பெண்மணி. கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

மறந்துவிட்டாள் என்று நினைத்தேன், தள்ளிவிடுவீர்கள் என்று பயந்தேன், எல்லாம் சொன்னேன். அதற்கு மேல் நான் நினைத்துக்கூடப் பார்க்காத ஒன்று வாயிலிருந்து வந்தது. "அது வாசல்ல நின்னுக்கினே இருக்குது மேடம். இருட்டப் போவுது. எனக்குத் தாங்கல. எதாவது பண்ணி வீட்டுக்கு அனுப்பிடணும்னு தோணிச்சி."

அசல் இருக்கிறதா என்றார்கள். நல்ல வேளை, அடித்து முடித்த தாளை எல்லாம் நான் கம்பியில் குத்தி வைப்பேன். உருவி எடுத்து, '8. கடைசி ஸ்டாப்' என்ற தாளைக் கேமராவுக்கு நேராகக் காட்டினேன். அம்சா என்னிடமிருந்து தாளை வாங்கி அவளே பிடித்துக்கொண்டாள்.

"இத இன்னாத்துக்குக் காலியா வுட்டேன்னா மேடம், வேன்ல கடைசி ஸ்டாப்புல இறங்கற புள்ளதான் கதைக்கு முடிவு சொல்லணும். எங்க வழக்கம் அது. காலையில அந்தப் புள்ளதான் மொதல்ல ஏறும். ஏறுற மத்த புள்ளைங்களுக்கு ஒவ்வொரு ஸ்டாப்புலயும் முடிவச் சொல்லிக்கினே வரும். போன ஜூன்ல இருந்து கடைசி ஸ்டாப்பு ஒம்பதாவது படிக்கிற கலைமதி. காதுல ஒயர மாட்டிக்கினு ஜன்னலோட சாஞ்சிக்குவா. பத்து மாசமா ஒரு கதைக்கும் முடிவு சொல்லல. இறங்கிப் போயிடுவா. சின்னதுங்க காலையில கேட்டா தோளக் குலுக்குவா. நான் நெனச்சா நானே முடிச்சிடலாம். முடிக்கல. பெரிய புள்ளைங்களுக்கு ஒண்ணு எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீங்களே மேடம். இதுதான் அது. அவளுக்குன்னு வெச்ச எடம்."

பெண்மணி சற்று நேரம் எழுதிக்கொண்டிருந்தார். பிறகு, "இவர் போட்ட முடிவைப் பத்தி என்ன நினைக்கறீங்க?" என்றார்.

"ஆத்திரமா வருது மேடம்" என்றாள் அம்சா, பட்டென்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஆனா அண்ணனுக்கும் அந்த ஏரி மேல பாசம் வந்துடுச்சு இல்ல? எங்க வேன் புள்ளைங்க மாதிரியே இவராலயும் சும்மா இருக்க முடியல. பாசத்துல ஆரம்பிச்சவரு, கரைக்குள்ள அடங்கிக் கெடன்னு போயி முடிச்சிட்டாரு. பெரியவங்க கையில குடுத்தா ஏன் இப்டி ஆயிடுது? நாளைக்கு என் கையும் அப்டி ஆயிடுமா? எனக்கு அது தெரியணும் மேடம். அதுக்குத்தான் படிக்கணும்னு இருக்கேன்."

கலந்து பேசிவிட்டு எழுதுகிறோம் என்று சொல்லித் திரையை அணைத்தார்கள். அம்சா எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

"ணா, ஒரு பத்து நாளைக்கு என்கிட்ட பேசாதீங்க."

"சரிம்மா."

"ஏரிக்கு ஒழுக்கமாம்!" என்று சொல்லிக்கொண்டே ஷட்டரைத் தூக்கிவிட்டு வெளியே போனாள்.

பத்து நாளும் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மனு வந்தால் உள்ளது உள்ளபடி அடித்தேன். ஒரு கண்ணீர் அஞ்சலியில் வெறும் பெயரும் தேதியும் மட்டும் எழுதிக் கொண்டுவந்தார்கள். அப்படியே அடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. மெயிலை மணிக்கு நாலு தரம் திறந்து பார்த்தேன். பள்ளிக்குக் கோடை விடுமுறை விட இரண்டு நாள் இருக்கையில், மதியம் மூன்று மணிக்கு அது வந்தது. அனுப்புநர் பெயரும், விண்ணப்பம் பற்றி என்ற தலைப்பும் மட்டும் தெரிந்தன. விரல் திறக்கத்தான் போனது. படிக்க ஆசை இருந்தும் அடுத்தவர் காகிதத்தைத் திறக்காமல் நான் வைத்தது என் வாழ்நாளில் அன்று ஒருநாள்தான்.

கடையைப் பூட்டி வண்டியை எடுத்தேன். வேனில் வெளியாள் ஏறக் கூடாது. அதனால் அவர்களுக்கு முன்னாலேயே போய், மயிலம் தாண்டி, அவள் சொன்ன அந்தக் கடைசி நிறுத்தத்தில், ஒரு வேப்ப மரத்தடியில் நின்றேன். எதிரே பச்சைக் கதவு போட்ட ஓர் ஓட்டு வீடு. அதுதான் கலைமதியின் வீடாக இருக்கும்.

நாலரைக்கு வேன் வந்தது. உள்ளே தேவா, அம்சா, ஜன்னலோரம் அந்தப் பெண். தேவா இன்ஜினை நிறுத்தினார். என்னைப் பார்த்துவிட்ட அம்சா, வராதீர்கள் என்று கையைக் காட்டினாள். நின்ற இடத்திலேயே நின்றேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"நீங்க போன வாரம் சொன்ன அந்த முடிவ எந்த லூசு எழுதுனதுக்கா?" என்று கேட்டாள் கலைமதி. காதில் ஒயர் இல்லை, கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "சின்னதுங்க எல்லாம் ஒரு வாரமா சொல்லிச் சொல்லி சிரிக்குதுங்க. கதவு தொறக்கலயாம், திரும்பிப் போயிடுச்சாம். செம மொக்க."

"மொக்கைதான். நீ சொல்லு, வேற இன்னா ஆச்சு?" அம்சா கேட்டது ரொம்பச் சாதாரணமாக இருந்தது. ஆனால் முன்சீட்டுக் கம்பியை அவள் பிடித்திருந்த பிடி எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டாள். படியில் ஒரு காலை வைத்து நின்றாள். இதுவும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"அவ கதவத் தொறந்தா. ஆனா அத உள்ள கூப்புடல. அவ வெளிய வந்து கதவ சாத்திட்டா. ஏரி கேட்டுச்சு, எங்க வர்றேன்னு. 'நானும் கடலப் பாத்ததில்ல, எனக்கு வழி தெரியும், மேப்ல பாத்து வெச்சிருக்கேன், வா'ன்னா." மறு காலையும் படியில் வைத்தாள். "அவ்ளோதான். நாளைக்கு சின்னதுங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன். நீங்க சொல்லிடாதீங்கக்கா."

இறங்கி என்னைக் கடந்து போனாள். அந்த லூசு இந்த ஆள்தான் என்று அவளுக்குத் தெரியாது.

அம்சா கீழே இறங்கி வந்தாள். கண் நிறைந்திருந்தது. "கேட்டீங்களாண்ணா?"

"கேட்டேன்" என்றேன். போனை நீட்டினேன். "மெயில் வந்திருக்குது. நான் தொறக்கல. சத்தியமா தொறக்கலம்மா."

அவள் அதை வாங்கித் திறந்தாள். ஆங்கிலம். மெதுவாகப் படித்தாள், ஒரு தடவை, திரும்ப இன்னொரு தடவை. தேவாவும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கதவத் தொறந்துட்டாங்கண்ணா" என்றாள்.

நான் அழுதேன். தேவா சிரித்துக்கொண்டே வேனுக்குள் கையை விட்டு ஹாரனை மூன்று தடவை அடித்தார். பச்சைக் கதவுக்குள்ளிருந்து கலைமதி, என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தாள்.